வேலி விறகும் போறணை நெருப்பும்

வேலி வெட்டின கொப்பை அடுப்பில் வைக்கலாமோ என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன வேலி? திருகோணமலையில் ஒரு வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். கிளிசரியா, பூவரசு, முள்முருக்கு, கிளுவை, இடையில் அழகுக்கு நட்ட அலரி, மூலையில் கள்ளி என்று எத்தனையோ சாதி நிற்கும். வெட்டிக் குவித்து இலையும் உதிர்ந்துவிட்டால் எல்லாம் வெறும் தடிதான். நின்ற வேலியைக் காட்டினால் சொல்லலாம். குவியலைக் காட்டிக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

நான் பாண் போடுகிறவன். விறகுப் போறணையில் நெருப்புக்கென்று தனி அறை கிடையாது. பாண் வேகிற அதே செங்கல் தளத்தில்தான் விறகையும் அடுக்கிக் கொளுத்துகிறோம். வளைந்த கூரை முதலில் கரி பிடித்துக் கறுக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்துபோய்ச் செங்கல் வெளுக்கும். வெளுத்த பிறகு தணலை இழுத்து ஒதுக்கி, ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்து, ஒரு சிட்டிகை மாவை உள்ளே எறிவோம். அது மெல்லச் சிவந்தால் அச்சுகளைத் தள்ளலாம். விழுந்தவுடன் கருகினால் இன்னும் பொறுக்கவேண்டும். இப்படிச் சாப்பாடும் நெருப்பும் ஒரே இடத்தில் புழங்குவதால் விறகு விஷயத்தில் எங்களுக்குக் கண்டிப்பு அதிகம்.

எனக்குத் தொழில் பழக்கிய பாஸ், விறகு இறங்கும்போது மா பிசைவதைக்கூட விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். கட்டை அவிழ்த்து, தடியின் வெட்டுவாயை மூக்குக்குக் கிட்டப் பிடிப்பார். பட்டையை நகத்தால் கிள்ளுவார். உள்ளே பச்சை தெரிந்தால் அது காயப்போடுகிற பக்கம். பால் கசிந்தால் படலைக்கு வெளியே. "பால் மரம் என்ர போறணைக்குள்ள வரக்கூடாது" என்பார். பலாவும் பால் மரம்தானே என்று நான் கேட்டதற்கு, "பலாவை எரிக்க உனக்கு மனம் வருமோடா?" என்று மட்டும் சொன்னார்.

அவர் பயந்தது கள்ளிக்கும் தில்லைக்கும். தம்பலகாமக் குடா ஓரத்திலும் கொட்டியாரக் குடாவின் ஆற்று வாய்களிலும் கண்டல்களோடு தில்லை நிற்கும். சிதம்பரத்தில் அது தலமரம். வெட்டுகிறவனுக்கோ அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. புகையும் கண்ணை எரிக்கும். ஒருமுறை கரையோரத்து விறகோடு இரண்டு மூன்று தில்லைத் தடி கலந்து வந்தது. புதிதாக வந்த தம்பி அதை முன்வாயில் வைத்துக் கொளுத்திவிட்டான். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றோம். பாஸ் அவனை ஏசவில்லை. மிச்சத் தடிகளைக் கையில் கொடுத்து, பட்டையின் நிறத்தையும் வெட்டுவாயையும் திருப்பித் திருப்பிப் பார்க்கவைத்தார்.

அலரி இன்னும் மோசம், ஏனென்றால் பார்க்க நல்ல பிள்ளை. தடி நேராக வளரும், சீவ இலகு. 2022இல் காஸ் இல்லாமல் சனம் தவித்தபோது, 12.5 கிலோ சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாய்க்கு ஏறியும் வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. வேலிகளெல்லாம் அடுப்புக்குப் போன காலம் அது. எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா, மீன் கோத்துச் சுட அலரிக் குச்சியைச் சீவிக்கொண்டிருந்தார். "அக்கா, குச்சியையும் எறியுங்கோ, அந்தக் கொப்பையும் அடுப்பில வைக்காதேங்கோ" என்றேன். செவ்வலரி, மஞ்சள் அலரி இரண்டுமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. காய்ந்தாலும் அந்த நஞ்சு போகாது. வெளியே குவித்து எரிப்பதும் கூடாது. புகை நம் மூக்குக்கும் பக்கத்து வீட்டுக்கும்தான் போகும். காட்டாமணக்கையும் அதோடு சேர்த்து ஒதுக்குங்கள்.

மேலே சொன்ன மற்ற வேலி மரங்களை எரிக்கலாம், காய்ந்தால். இந்த இடத்தில்தான் புதிதாக வருகிறவர்களுக்குப் பொறுமை போதாது. வேலி மரம் என்றாலே தடியாக நட்டால் தளிர்க்கிற சாதி. வெட்டியதாலேயே அது செத்துவிடாது. கிளிசரியாக் கதியாலை மண்ணோடு சேர்த்துக் குவித்துவிட்டு, ஒரு மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள், குவியலுக்குள்ளேயே துளிர் விட்டிருக்கும். துளிர்க்கிற தடியை எரித்தால் முனையில் நுரை தள்ளிச் சீறும், புகைக்கூண்டில் கீல் படியும், கூரைச் செங்கல் கடைசிவரை வெளுக்காது. பாணில் புகை நாற்றம் ஏறும். வீட்டு அடுப்பில் அந்தப் புகை முழுவதும் சமைக்கிறவரின் நெஞ்சுக்குள் போகும்.

அதனால் கச்சான் காற்று தொடங்கும்போதே வெட்டுங்கள். மணிக்கட்டுக்கு மேல் தடித்ததைப் பிளந்துவிடுங்கள். நிலத்தில் படாமல் இரண்டு கட்டை போட்டு, அதன்மேல் காற்றுப் போக இடம்விட்டு அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். சுற்றிவர மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் முழுக்க அடித்து ஓய்ந்தபின், ஐப்பசி மழைக்கு முதல் இரண்டு தடியை எடுத்துத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் காய்ந்தது. பொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம். காய்ந்ததன் வெட்டுவாயில் நட்சத்திர வெடிப்பும் விழுந்திருக்கும். பூவரசு நின்று எரிந்து நல்ல தணல் விடும். முள்முருக்கு கடதாசிபோல் எரிந்து சாம்பலாகிவிடும், நெருப்பு மூட்ட மட்டும் உதவும். வேப்பங்கொப்பை நாங்கள் பாணுக்கு எரிப்பதில்லை, புகை கசக்கும்.

கிளிசரியாவைப் பற்றிச் சிலருக்குச் சந்தேகம், அது எலிக்கு நஞ்சாமே என்று. இலையிலும் பட்டையிலும் அந்தக் குணம் உண்டு. காய்ந்த தடியை எரித்து நாங்கள் ஒரு கெடுதியும் காணவில்லை. 2005இல் அரசாங்கம் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அதை அறிவித்தது. இங்கே டோக்கியோ சிமெந்துக்காரரின் மின்நிலையத்திலும் அதை எரிக்கிறார்கள். இலையை மட்டும் எரிக்காதீர்கள். ஆடு தின்னும், வயலுக்குப் பசளையாகும்.

வேலியோடு வருகிற மற்றச் சாமான்களையும் பார்த்து ஒதுக்குங்கள்: நைலோன் கயிறு, பெயின்ற் அடித்த பலகை, பழைய சிலிப்பர் கட்டை. கடல் ஒதுக்கிய மரம் சும்மா கிடைக்கிறதே என்று துறைமுகப் பக்கம் பொறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். உப்பு ஊறிய மரத்தின் புகை நஞ்சு. போறணையின் இரும்புக் கதவையும் அது அரித்துவிடும்.

வேலி வெட்டுகிற தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். நிற்கும்போது மரத்தை அடையாளம் தெரிகிறவர் நீங்கள்தான். அலரியையும் கள்ளியையும் வேறாகக் கட்டி, விறகு ஏற்றுகிறவரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள்.