காடு தந்த கனிகள்

கல்லூரி விட்டு ஒத்தக்கடையில் இறங்கியதும் பழவண்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பேன். வாங்குவதற்கன்று; பார்ப்பதற்கு. கொய்யா, பப்பாளி, சீத்தா, சப்போட்டா ஆகிய நான்கையும் எங்கள் தெருப் பெரியவர்கள் ‘நாட்டுப் பழம்’ என்றே சொல்வார்கள். ஆப்பிளும் திராட்சையும் மட்டுமே அவர்களுக்குச் சீமைப் பழம். ஆனால் அந்த நான்குமே அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் பிறந்தவை என்று தாவரவியல் சொல்கிறது. 1498 இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தபோது நம் மண்ணில் ஒரு கொய்யா மரம்கூட நின்றிருக்காது. மாதுளை ஈரான் பக்கத்தது. நம் குழம்புக்கு உயிரான புளியே ஆப்பிரிக்காவில் தோன்றியதென்றால் என் அம்மா இன்றளவும் நம்புவதில்லை.

அப்படியானால் நம்முடையவை எவை? மா, பலா, நாவல், விளா, இலந்தை ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றுள் மாவுக்கும் பலாவுக்கும் புகழ் போய்ச் சேர்ந்தது. மற்றவை இன்னும் பாதி காட்டிலும் பாதி வீட்டிலுமாக நிற்கின்றன.

நெல்லையும் கேழ்வரகையும் மனிதன் பழக்கியது வேறு கதை. இன்று விதைத்தால் நான்கு மாதத்தில் அறுக்கலாம். நல்ல கதிரைப் பொறுக்கி மறுபடி விதைக்கலாம். மரம் அப்படியன்று. நட்டவன் பல ஆண்டு ஓரிடத்தில் காத்திருக்க வேண்டும். காத்திருந்து வரும் பழமும் தாய்மரத்துப் பழம்போல் இருக்குமென்பதற்கு உறுதியில்லை. ஏனெனில் பெரும்பாலான பழமரங்களில் அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. தேனீ எந்த மரத்து மகரந்தத்தைக் கொண்டு வந்ததோ, அதற்கேற்ப ஒவ்வொரு விதையும் ஒரு புதுப்பிறவி. இனிக்கும் மாம்பழத்தின் கொட்டையை ஆசையாய்ப் புதைத்துப் புளிக்கும் பழம் கண்டவர்கள் நம் எல்லார் வீட்டிலும் இருப்பார்கள்.

1975 இல் ஜோகரி, ஸ்பீகல்-ராய் என்னும் இருவர் இதுபற்றி எழுதிய கட்டுரையைப் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் விளக்கினார். மேற்காசியாவில் முதலில் வீட்டுக்கு வந்த மரங்கள் ஒலிவம், திராட்சை, அத்தி, பேரீச்சை என்பவை. காரணம் எளிது. ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினாலோ, பக்கக்கன்றைப் பிரித்து நட்டாலோ இவை பிழைத்துக்கொள்ளும். தாயின் குணம் அப்படியே வரும். ஆப்பிளும் பேரியும் குச்சி ஊன்றினால் எளிதில் வேர்விடா. ஆகவே ஒட்டுக்கட்டும் கலையை மனிதன் கற்கும்வரை அவை காத்திருக்க நேர்ந்தது. அரிவாளும் கயிறும் பிடித்த எவனோ ஒருவன்தான் ஆப்பிளை நமக்குத் தந்தான் என்று எண்ணும்போது எனக்கு வியப்பு தீர்வதில்லை.

அந்த ஆப்பிளின் பிறந்த வீட்டைத் தேடிப் போனவர் உருசிய அறிஞர் வாவிலோவ். 1929 இல் அவர் இன்றைய கசகஸ்தானின் அல்மாட்டி நகரை அடைந்தபோது, சுற்றிலும் தியான்ஷான் மலைச்சரிவில் காட்டு ஆப்பிள் மரங்கள் நிற்பதைக் கண்டார். சிறியதும் பெரியதும், புளிப்பும் இனிப்புமாக மரத்துக்கு மரம் வேறுபட்ட பழம். ஆப்பிள் இங்கேதான் பிறந்தது என்றார். 2010 இல் ஆப்பிளின் மரபணுத் தொகுதியைப் படித்த அறிவியலார் அவர் கூற்றை உறுதி செய்தனர். ஆனால் அதைக் கேட்க அவர் இல்லை. உலகின் பசி தீர விதை சேர்த்த அம்மனிதர் 1943 இல் சாரதோவ் சிறையில் பட்டினியால் நலிந்து மாண்டார். இந்தச் செய்தியைக் கேட்ட அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாழையைப் பற்றி ஒரு சொல். காட்டு வாழைப் பழத்தில் மிளகு மிளகாய்க் கொட்டைகள் நிறைந்திருக்கும். பூவன் பழத்தை நீளவாக்கில் பிளந்தால் நடுவே தெரியும் கரும்புள்ளிகள் அந்தக் கொட்டைகளின் நிழல்தான். இரண்டு காட்டினங்கள் கலந்து பிறந்த மும்மடியம் அது; ஆகவே விதை பிடிப்பதில்லை. விதையில்லாதது நமக்கு வசதி, வாழைக்கு ஆபத்து. எல்லாம் ஒரே தாயின் நகல் என்பதால் ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும். பழநி மலைப்பக்கத்து விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் சூறையாடியது இப்படித்தான்.

இனி இலந்தைக்கு வருகிறேன். உண்மையில் இதை எழுதத்தான் பேனா எடுத்தேன்.

பலூசிஸ்தானத்து மேர்கரில் அகழ்ந்த ஆய்வாளர்கள் புதிய கற்கால அடுக்குகளிலேயே இலந்தைக் கொட்டைகளைக் கண்டார்கள். அத்தனை காலமாக மனிதன் தின்று துப்பும் பழம் இது. எங்களுக்கு யானைமலைக்குக் கிழக்கே எழுபது சென்ட் மானாவாரிப் புஞ்சை உண்டு. அதன் வரப்பில் ஏழு இலந்தை மரங்கள் நிற்கின்றன. யாரும் நட்டதில்லை, பறவையோ நரியோ போட்டவை. கணுவுக்கு இரண்டு முள், ஒன்று நேர் ஊசி, மற்றொன்று கொக்கி. கொக்கியிடம் சிக்கியவன் பின்வாங்கினால் ஊசி குத்தும். சென்ற மார்கழியில் அம்மரத்துப் பழம் பத்தைக் கல்லூரி ஆய்வகத் தராசில் நிறுத்தேன். மொத்தம் 38 கிராம். அதில் கொட்டை மட்டும் 9 கிராம். உம்ரான் என்னும் ஒட்டு இலந்தையில் ஒரே பழம் 30 கிராமைத் தாண்டும். இரண்டும் ஒரே இனம். தாவரவியல் பெயரும் ஒன்றே. இடையில் நிற்பது மனிதனின் கை.

அந்தக் கையை நான் தினமும் பார்க்கிறேன். என் அம்மா ஒரு நாற்றுப்பண்ணையில் ஒட்டுக்கட்டும் வேலை செய்கிறவர். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் மொட்டைக் கேடயம்போல் சீவி, வேர்ச்செடியின் பட்டையில் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் கீறி, அதனுள் செருகிப் பாலிதீன் நாடாவைச் சுற்ற அவருக்கு ஒரு நிமிடம் போதும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். 1965 இல் எங்கள் ஊரில் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியில் சேர ஆசைப்பட்டேன். மதிப்பெண் எட்டவில்லை, நம் கல்லூரி கைகொடுத்தது. முதலாண்டில் வளர்திசுவைப் பற்றிப் படித்து அம்மாவுக்கு விளக்கினேன். “பட்டைக்கு உள்ள பச்சையா வழவழன்னு இருக்குமே, அதைத்தானேய்யா சொல்ற? அது காயுறதுக்குள்ள கட்டிரணும்” என்றார். என் புத்தகத்தில் அந்தப் பாடம் இரண்டு பக்கம்.

இப்போது எங்கள் புஞ்சைக்கு விலை வந்திருக்கிறது. சுற்றிலும் கல் நட்டு மனையாக்கிவிட்டார்கள். நடுவில் எங்களுடையது மட்டும் முள்ளும் மண்ணுமாய்க் கிடக்கிறது. அக்காள் கல்யாணக் கடன் இன்னும் பாதி நிற்கிறது. கொடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. அவர் சொல்வதில் தவறு காண என்னால் முடியவில்லை. வட்டி கட்டுகிறவர் அவர். “முள்ளுக்காட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?” என்று அவர் கேட்ட இரவு அம்மா ஒன்றும் பேசவில்லை.

சென்ற பங்குனியில் அம்மா அரிவாளோடு போய் மூன்று மரங்களை முழங்கால் உயரத்துக்கு வெட்டினார். அக்கம்பக்கத்தார் விறகுக்கு என்று நினைத்தார்கள். இலந்தையின் ஆணிவேர் ஆழம் போவது. மேலே வெட்டினால் மலைக்காது. ஆனியில் பென்சில் பருமனுக்குத் துளிர்கள் வந்தன. ஆடியில் பண்ணை முதலாளியிடம் கேட்டு வாங்கிய பனாரசி மொட்டுகளை அம்மா கட்ட, நான் நாடா பிடித்தேன். பதினெட்டுக் கண் கட்டினோம், பதினான்கு பிடித்தன. விலைக்கு வாங்கும் கன்று முதலில் வேர் பிடிக்க வேண்டும். இங்கே தண்ணீரைத் தேடி எப்போதோ இறங்கிவிட்ட வேர் காத்திருக்கிறது. மழையை மட்டும் நம்பிய நிலத்தில் இதைவிட வேறு மூலதனம் எங்களிடம் இல்லை.

ஆனால் அந்த வேர் தன் பழைய குணத்தை விடுவதில்லை. கட்டுக்குக் கீழே வாரந்தோறும் காட்டுச் சிம்பு அடிக்கிறது. கிள்ளாமல் விட்டால் ஒட்டுக்கிளையை அமுக்கிவிட்டு மரம் மறுபடி காடாகிவிடும். ஞாயிறுதோறும் கிள்ளுவது என் வேலை. மற்ற நான்கு மரங்களைத் தொடவேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். நாளைக்குப் புதிதாய் ஒரு நோயோ வறட்சியோ வந்தால், எந்தக் கொட்டையில் அதைத் தாங்கும் குணம் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? “உனக்கு நாலு, எனக்கு மூணு” என்று சிரித்தார்.

அப்பாவுக்கு இரண்டு பக்கமும் தெரியும். அடுத்த தை வரை நிலத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று தரகரிடம் சொல்லியிருக்கிறார். இந்தக் கோடையில் ஒட்டுக்கிளைகளைக் கவாத்துச் செய்தால் ஆவணியில் பூக்க வேண்டும். மார்கழியில் காய் முற்ற வேண்டும். தேதிகளைக் கரித்துண்டால் அடுப்படிச் சுவரில் அம்மா கோடுகளாக இழுத்து வைத்திருக்கிறார்.