கிராணியின் கையில் உளி

கையால் உழைப்பது தாழ்வு என்றும், மேசைக்குப் பின்னால் அமர்ந்து எழுதுவது உயர்வு என்றும் நம்மவரிடையே ஓர் எண்ணம் நெடுநாளாய் வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் பிறரிடத்தில் இருக்கக் கண்டு கண்டிப்பது எளிது. தன்னிடத்தில் இருப்பதைக் காண்பது அரிது. யான் அதனை என்னிடத்திற் கண்டுகொண்டது ஒரு மரப்பெட்டியினால். அப்பெட்டி கணினியின் உறுப்புகளை வைத்தற்குரிய கூடு. அதனைச் செய்த வரலாற்றை நேயர்களுக்குச் சொல்லப் புகுமிடத்து என் குற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனை மறைப்பின் வரலாறு நிறைவுறாது.

யான் பேராக் மாநிலத்திலே, சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தின் காரியாலயத்திற் கிராணியாய் இருப்பவன், வயது 35. என் தந்தையார் அதே தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தச்சுவேலை செய்து ஓய்வு பெற்றவர். லயத்து வீடுகளின் கதவுகள், ஆயாக்கொட்டகையின் தொட்டிற் சட்டங்கள், பள்ளிப் பெஞ்சுகள், இறந்தோரைக் கிடத்தும் பெட்டிகள் யாவும் அவர் கைப்பட்டவை. பிறந்தவன் படுக்கும் மரமும் இறந்தவன் படுக்கும் மரமும் ஒருவரே இழைத்த தோட்டம் எங்கள் தோட்டம். ஆயினும் உளியை என் கையிற் கொடுக்க அவர் ஒருநாளும் இசைந்தாரல்லர். நான் இழைப்புளியைத் தொட்டாலே, "அதை வை, போய்ப் புத்தகத்தை எடு" என்பார்.

2003-ஆம் ஆண்டிலே நம் நாட்டுப் பள்ளிகளில் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்திற் கற்பிக்கத் தொடங்கினார்கள். அவ்வாண்டிலேதான் யான் பட்டணத்துப் பள்ளியில் முதலாம் படிவத்திற் சேர்ந்தேன். பின்னர்க் கல்லூரியிலும் ஆங்கிலமே. சேர்ந்த வாரத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் தந்தையின் தொழில் என்ன என்று மலாய் மொழியிற் கேட்டிருந்தது. என் இருபுறமும் பட்டணத்துப் பிள்ளைகள். யான் 'மேற்பார்வையாளர்' என்று எழுதினேன். அன்றிரவு தந்தையார் அதிற் கையொப்பமிட்டார். அவர் மலாய் பேசுவாரேயன்றிப் படிக்க அறியார் என்பது என் துணிபு. இந்தச் சங்கதியை யான் மறந்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

இனிப் பெட்டியின் கதைக்கு வருவோம். என் மகளின் படிப்புக்காகப் பட்டணத்தில் வாங்கிய பழைய கணினி ஒன்று வீட்டில் இருந்தது. அதன் தகரக்கூடு தோட்டத்து ஈரத்தில் துருவேறிற்று. பின்புறத்தில் மூடித்தகடுகள் கழன்ற துவாரங்களும் இருந்தன. 2023-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவ்வழியே ஒரு பல்லி நுழைந்து மின்வழங்கிக்குள் விழுந்து, தானும் மாண்டு அதனையும் மாய்த்தது. பல்லி விழும் பலனைப் பஞ்சாங்கத்திற் பார்ப்பார் உளர். யான் பவர் சப்ளையிற் பார்த்தேன். நல்லவேளையாகத் தாய்ப்பலகை பிழைத்தது. புதிய தகரக்கூட்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம். ஆனால் மரத்தாலே செய்தால் என்ன என்று ஒரு விபரீத ஆசை பிறந்தது.

விபரீதம் என்றேனேயன்றி, இது புதிய காரியமன்று. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பாருக்காகச் செய்யப்பட்ட முதல் 'மவுஸ்' மரக்கட்டைக்குள் அமைந்ததே. 1976-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 'ஆப்பிள்-1' கூடு இல்லாமல் வெறும் பலகையாகவே வந்தது. வாங்கியவர்களிற் சிலர் தாமே மரப்பெட்டி செய்து அதனை உள்ளே வைத்தனர். உலகை மாற்றிய இயந்திரமும் முதலில் தச்சன் வீட்டில்தான் குடியிருந்தது.

மரம் எது என்ற கேள்விக்கு என் மனம் உடனே விடை சொல்லிற்று: பால்மரம். 1877-ஆம் ஆண்டில் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பது எங்கள் பக்கத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த மரங்களைத்தான் என் பாட்டியார் விடியுமுன் விளக்கைத் தலையிற் கட்டிக்கொண்டு சீவினார். பால் வற்றிய மரத்தை வெட்டி விறகாய் எரிப்பதே அந்நாளைய வழக்கம். 1980-களிலிருந்து அதுவே நாற்காலியும் மேசையுமாய்க் கடல் கடந்து போகிறது. சிறுதோட்டக்காரர் ஒருவர் மறுநடவுக்காக வெட்டிய மரத்தில் நான்கு பலகைகள் கேட்டு வாங்கினேன்.

தாய்ப்பலகையின் அளவு 244 மில்லிமீட்டர் சதுரம் என்பதையும், 120 மில்லிமீட்டர் விசிறியின் திருகாணித் துளைகள் 105 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் என்பதையும் ஆங்கிலத்திற் படித்துணர்ந்து அழகிய படம் ஒன்று வரைந்தேன். அச்சிட்ட காகிதத்தைப் பலகைமேல் ஒட்டித் துளையிட்டேன். வச்சிரம் தடவி, ஆணியும் அறைந்து, நாற்புறமும் அசையாதபடி இறுக்கினேன். தந்தையார் திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. யானும் கேட்கவில்லை.

பலன் வருமாறு. அச்சுப்பொறி படத்தைத் தாளுக்கு அடங்கும்படி சுருக்கிவிட்டதால் 244 என்றது 237 ஆயிற்று. ஒரு துளையும் பொருந்தவில்லை. மீண்டும் துளைத்துப் பூட்டினேன். உள்ளேயிருந்த வெப்பம் ஈரப்பலகையின் உட்புறத்தை உலர்த்தவே, பலகை உள்நோக்கி வளைந்து, ஆணியடித்த இடத்தில் நீளப் பிளந்தது. கணினி ஓடும்போதெல்லாம் தந்தையாரின் வானொலி இரைந்தது. மூன்றாம் மாதத்தில் பெட்டியின் அடியில் வெள்ளை மாவு உதிரக் கண்டேன். பால்மரத்தில் மாச்சத்து மிகுதி. மருந்தேற்றி உலர்த்தாத பலகையைப் பூச்சி விடாது. அம்மாவு விசிறியிலும் படிந்திருந்தது.

அன்று மாலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தந்தையாரின் முன் வைத்தேன்.

"அப்பா, இது இப்படி ஆகுமென்று உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"நீ கேட்கவில்லையே, தம்பி."

இவ்வளவுதான் பேச்சு. அவர் எழுந்து உள்ளே சென்று, கட்டிலுக்கடியிலிருந்து தம் ஆயுதப் பெட்டியை இழுத்து வந்தார். ஓய்வு பெற்ற நாள்முதல் அது திறக்கப்படவில்லை என்றே நினைத்திருந்தேன். உளிகளில் எண்ணெய் பளபளத்தது.

அடுத்த ஆறு வாரங்களில், ஞாயிறுதோறும், கல்லூரி எனக்குச் சொல்லாத பாடங்களைக் கற்றேன். பலகைக் கடையில் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்திய பால்மரப் பலகைகளை வாங்கினோம். தந்தையார் காகிதத்தை ஒதுக்கிவிட்டு, தாய்ப்பலகையையே ஓர் அட்டைமேல் வைத்து, பென்சிலாற் சுற்றி வரைந்து, துளைகளைக் குறித்தார். "பொருள் கையில் இருக்கும்போது படத்தை எதற்கு நம்புகிறாய்?" என்றார். அவர் பெட்டியைப் பலகைகளாற் செய்யவில்லை, சட்டங்களாற் செய்தார். ஒவ்வொரு சட்டத்தின் உள்விளிம்பிலும் காடி எடுத்து, அக்காடியில் பலகையைச் செருகினார். வச்சிரம் சட்டத்தின் மூலைகளுக்கு மட்டுமே. பலகைக்கு ஒரு துளியும் இல்லை. பக்கத்துக்கு ஒரு நூல் இடம் விட்டார். மழையிற் பலகை பெருக்கும், வெயிலிற் சுருங்கும். காடிக்குள் அது தன் போக்கில் நகருமாதலால் பிளவுக்கு இடமில்லை. "மரத்தை அடக்கினால் அது தன்னையே உடைத்துக்கொள்ளும்" என்பது அவர் சொன்ன விளக்கம்.

காற்றோட்டத்தைப் பற்றி யான் ஆங்கிலத்திற் படித்ததை விளக்கத் தொடங்கினேன். அவர் இடைமறித்து, "புகைக்கொட்டகை மாதிரியா?" என்றார். ரப்பர்ப் பால் உறைந்த தாள்களைத் தொங்கவிட்டு உலர்த்தும் புகைக்கொட்டகைகளை அவர் பலமுறை பழுது பார்த்தவர். கீழே காற்றுப் புகாவிடின் மேலே புகை போகாது என்பது அவர் அறிந்த சாத்திரம். அவ்வண்ணமே முன்புறம் தாழ்வாக ஒரு விசிறியும், பின்புறம் உயர்வாக ஒரு விசிறியும் அமைத்தோம். இரண்டு வாய்களிலும் பல்லி நுழையாவண்ணம் கம்பிவலை கட்டினோம்.

ஆயின் அவருக்குத் தெரியாதனவும் சில இருந்தன. அவற்றை யான் சொல்ல அவர் கேட்டார். மரம் தீப்பற்றாதா என்று அஞ்சினார். கணினியின் மூளைச் சில்லு ஏறத்தாழ நூறு டிகிரியை எட்டுமுன்னரே தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்றும், மரம் எரிய அதனினும் மிகுந்த வெப்பம் வேண்டும் என்றும், ஆபத்து மரத்திலன்று, தளர்ந்த கம்பி இணைப்பிலும் மட்டமான மின்வழங்கியிலுமே உள்ளது என்றும் சொன்னேன். ஆதலின் மின்வழங்கியை நல்லதாய்ப் பார்த்துப் புதிதாய் வாங்கினோம். மரம் மின்சாரத்தைக் கடத்தாது. வானொலி அலைகளையும் தடுக்காது. தகரக்கூட்டில் தாய்ப்பலகையும் மின்வழங்கியின் உலோக உறையும் ஒரே உலோகத்திற் பொருந்தி நிலத்தொடர்பு பெறும். அவ்வசதி வெறும் மரத்தில் இல்லை. எனவே துருவேறிய பழைய கூட்டிலிருந்து தாய்ப்பலகை பொருந்தும் தகட்டையும் பின்தகட்டையும் வெட்டியெடுத்து, அரத்தால் தேய்த்து, மரச்சட்டத்துக்குள் பொருத்தினோம். பலகைகளின் உட்புறத்தில் மெல்லிய கம்பிவலை பரப்பி அத்தகட்டோடு இணைத்தோம். வானொலியின் இரைச்சல் அடங்கிற்று. அன்று அவர் முகத்திற் கண்ட மகிழ்ச்சியை யான் பரீட்சையிற் தேறிய நாளிலும் கண்டதில்லை.

ஐந்தாம் ஞாயிறன்று இருவரும் உப்புத்தாள் கொண்டு சட்டங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். தலை நிமிராமலே அவர் கேட்டார்:

"தச்சன் என்று எழுதினால் பள்ளியிற் சேர்க்கமாட்டார்கள் என்று பயந்தாயா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபொழுது கை நின்றுவிட்டது. இருபது ஆண்டுகளாக அவர் அதனை அறிந்திருந்தார்! ஆணிக்கடையிலும் பலகைக் கடையிலும் நாள்தோறும் மலாய்ச் சீட்டுகளைப் பார்த்துப் பழகியவருக்கு, பேசுகிற பாஷையில் ஒரு சொல்லைப் படிப்பது பெரிய காரியமா? படித்தும் கையொப்பமிட்டிருக்கிறார். இப்பொழுதும் எனக்காக ஒரு சமாதானத்தைத் தாமே கண்டுபிடித்து என் முன் வைக்கிறார். அதனை எடுத்துக்கொண்டு தப்பியிருக்கலாம்.

"பயமில்லை, அப்பா. வெட்கப்பட்டேன்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "உளியைத் தொடாதே, தொடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவன் நான். நீ வேறு என்ன எழுதுவாய்?" என்றார். அதன்மேல், "அந்தப் பக்கம் இழையின் போக்கிலே தேய், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும்" என்று வேலையைக் காட்டினார். யான் தேய்த்தேன்.

நேயர்களே! நம் பெற்றோர் தம் தொழிலினின்றும் நம்மை விலக்கியது அன்பினால் என்பதில் ஐயமில்லை. மழையிலும் வெயிலிலும் குறைந்த கூலிக்கு உழைத்தவர், தம் பிள்ளை நிழலில் உட்கார வேண்டுமென்று விரும்பியது குற்றமாகாது. ஆனால் கூலி குறைவு என்பது வேறு, தொழில் இழிவு என்பது வேறு. அவ்விரண்டையும் ஒன்றாக்கி, நாம் தொழிலையே வெறுக்கக் கற்றோம். தொழிலை வெறுத்தபின் அதனைச் செய்தவரை மதிப்பதெங்ஙனம்? எழுத்தறிந்தவன் அளவை ஏட்டிற் படிக்கிறான். தொழிலறிந்தவன் அளவைப் பொருளிற் காண்கிறான். என் பெட்டிக்கு இரண்டும் தேவைப்பட்டன. தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள வாலிபர்கள் தம் வீட்டு மூத்தோரிடம், அவர்கள் கைத்தொழில் எதுவாயினும், அதைச் சொல்லித் தரும்படி ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். கேளாதவரை அவர்கள் சொல்லமாட்டார்கள். கேட்பதற்கு அவர்கள் என்றும் இருக்கப்போவதுமில்லை.

பெட்டி இப்பொழுது சன்னலோரத்தில் நிற்கிறது. உயரம் 420, ஆழம் 430, அகலம் 215 மில்லிமீட்டர். வெளிறிய மஞ்சள் நிறம். ஒரே ஒரு பூச்சு வார்னிஷ். மகள் அதில் தன் பாடங்களைச் செய்கிறாள். பூச்சியும் இல்லை, பிளவும் இல்லை. ஒரு குறை மட்டும் உண்டு: மழைக்காலத்தில் பக்கக் கதவின் கீழ்மூலை இறுகிக்கொள்ளும். மழை நின்றதும் இருவருமாக அதனை இழைக்க இருக்கிறோம். இழைப்புளியைத் தீட்டும் வேலை இம்முறை என்னுடையது.