கயோட்டிக்கு எதற்குத் தடைக்காலம்?

சஸ்குவஹன்னா ஆறு நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் புறப்பட்டுத் தெற்கே வருகிறது. எல்லையைத் தாண்டி பென்சில்வேனியாவுக்குள் ஒரு வளைவு வளைந்து, மறுபடி நியூயார்க்குக்கே திரும்பி பிங்ஹாம்டன் ஊரைத் தொடுகிறது. பிறகு மேற்கே கொஞ்சம் ஓடி இன்னொரு முறை பென்சில்வேனியாவுக்குள் இறங்குகிறது. ஆற்றுக்கு மாநில எல்லை தெரியாது. அதன் கரையில் எலி பிடித்துத் திரிகிற கயோட்டிக்கும் தெரியாது. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றால் அதற்கு ஒரு சட்டம், அந்தப் பக்கம் நின்றால் வேறு சட்டம்.

நியூயார்க்கில் கயோட்டி வேட்டைக்கு அக்டோபர் 1 முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை சீசன். லைசென்ஸ் இருந்தால் அந்த ஆறு மாதமும் பகலில் சுடலாம், இரவில் சுடலாம், எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். ஏப்ரலில் கதவு மூடிவிடும். பென்சில்வேனியாவில் மூடுவதற்குக் கதவே இல்லை. வருடம் முழுக்கச் சுடலாம், எண்ணிக்கைக்கும் வரம்பில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் இந்த விஷயத்தில் பென்சில்வேனியாவின் பக்கம்தான். நான் இந்த எல்லைக்குப் பக்கத்தில் வசிப்பவன். ஏப்ரல் பிறந்தால் என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம் காரில் தெற்கே போனால் போதும், ஒரே மிருகத்தின் கதை மாறிவிடும்.

கயோட்டி நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. இந்த வடகிழக்குப் பகுதியில் இருப்பவற்றுக்கு ஓநாய் ரத்தம் கொஞ்சம் கலந்திருப்பதால் உடம்பு இன்னும் பெரிது. இரவில் அவை கூட்டாகக் கத்தினால் இரண்டே இரண்டு கயோட்டிகள்கூட இருபது போலக் கேட்கும். ஒருநாள் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அம்மாவுக்குக் கேட்க வைத்தேன். சேலம் பக்கத்து கிராமத்தில் நரிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள். "நம்மூரு நரிக்கு அண்ணன் மாதிரி இருக்கேடா" என்றாள். இங்கே அதைச் சுடுவார்கள், பக்கத்து மாநிலத்தில் எந்த நாளிலும் சுடலாம் என்று சொன்னேன். "எந்த நாளுமா? அது குட்டி போட்டிருந்தா?" என்று கேட்டாள். இந்த விவாதத்தின் மையக் கேள்வியும் அதுதான். அம்மா அதை முதல் நிமிடத்திலேயே கேட்டுவிட்டாள். எனக்கு அதைச் சுற்றியிருக்கும் மற்ற கேள்விகளை விலக்கிவிட்டு அங்கே வந்து சேரக் கொஞ்ச நாள் பிடித்தது.

தடைக்காலம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மீன். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முட்டையிடும் நேரத்தில் விட்டுவைத்தால்தான் அடுத்த வருடம் வலையில் மீன் இருக்கும். கணக்கு எளிமையானது. இன்று விட்டுவைப்பது நாளைக்கான முதலீடு. அமெரிக்காவில் மானுக்கும் காட்டு வான்கோழிக்கும் சீசன் வைத்திருப்பதில் இந்தக் கணக்கு உண்டு.

கயோட்டி விஷயத்தில் இந்தக் கணக்கு உதவாது. விட்டுவைத்தால்தான் மிஞ்சும் என்கிற நிலைமையில் அந்த மிருகம் இல்லை. அமெரிக்க அரசு அதை ஒழித்துக்கட்டப் பார்த்த கதை நீண்டது. 1931ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஸ்ட்ரிக்னின், தாலியம், பிறகு 1080 என்று எண்ணால் மட்டுமே அழைக்கப்பட்ட ஒரு விஷம், பொறிகள், ஆகாயத்திலிருந்து துப்பாக்கி என்று எல்லாவற்றையும் முயன்றார்கள். 1972ல் அதிபர் நிக்சன் மத்திய அரசு நிலங்களில் இந்த விஷங்களைத் தடை செய்தார். கொல்வது நிற்கவில்லை. விவசாயத் துறையின் கீழுள்ள வைல்ட்லைஃப் சர்வீசஸ் என்ற பிரிவு மட்டும் 2018ல் 68,000க்கு மேல் கயோட்டிகளைக் கொன்றது. வேட்டைக்காரர்கள் சுட்டது இதில் சேராது. இத்தனைக்கும் பிறகு நடந்தது என்ன? ஒரு காலத்தில் மேற்குப் புல்வெளிகளில் மட்டும் இருந்த மிருகம் இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. 2007ல் சிகாகோ நகரத்தின் மையத்தில் ஒரு சாண்ட்விச் கடைக்குள் நுழைந்து, குளிர்பானங்கள் அடுக்கியிருந்த பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது ஒரு கயோட்டி.

இது எப்படிச் சாத்தியம் என்பதற்கு 1975லேயே ஒரு பதில் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இருவர் கயோட்டிகளின் எண்ணிக்கையைக் கணினியில் சிமுலேட் செய்து பார்த்தார்கள். அவர்களுடைய மாதிரியின்படி ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கு 75ஐக் கொன்றுகொண்டே இருந்தால், முழுதாக அழிய ஐம்பது வருடத்துக்கும் மேல் ஆகும். அதற்குக் குறைவாகக் கொன்றால் தாக்குப்பிடித்துவிடும்.

வேலையே கோட் எழுதுவது என்பதால், ஒரு சனிக்கிழமை இதை நானும் பைத்தானில் நூறு வரியில் எழுதிப் பார்த்தேன். ஆய்வு என்று சொல்ல முடியாது, பொம்மைதான். ஆனாலும் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கயோட்டிக் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு ஜோடிதான் குட்டி போடும். மற்றவை வரிசையில் நிற்கும். அந்த ஜோடியைக் கொன்றால் வரிசையில் நிற்பவை குட்டி போடத் தொடங்கும். இடம் காலியானதும் வீடில்லாமல் அலையும் இளசுகள் வெளியிலிருந்து வந்து சேரும். வாய்கள் குறைவதால் இரை மிஞ்சி, பிறக்கும் குட்டிகளில் அதிகமானவை பிழைக்கும். ஒரு சர்வரை நிறுத்தினால் இன்னொன்று தானாக எழுந்துகொள்ளும்படி நாங்கள் சிஸ்டம் கட்டுவோம். கயோட்டி அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. வார இறுதியில் துப்பாக்கியோடு போகிற நான்கு பேர் அதைத் தொடக்கூட முடியாது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு இரண்டு பக்கத்தையும் வெட்டும். வருடம் முழுக்கச் சுட்டால்தான் கயோட்டி கட்டுக்குள் இருக்கும் என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை. தடைக்காலம் வைத்தால்தான் கயோட்டி பிழைக்கும் என்பதற்கும் இல்லை. எண்ணிக்கையை வைத்துப் பேசினால் இருவருக்குமே பேச ஒன்றுமில்லை. அப்படியானால் தடைக்காலம் எதற்கு?

என் டீமில் ஒருவர் இருக்கிறார். அறுபதை நெருங்குபவர், பென்சில்வேனியாவில் பிறந்து வளர்ந்தவர், சிறுவயதிலிருந்து வேட்டையாடுகிறவர். ஜனவரியில் பனி விழுந்த இரவுகளில் முயல் அலறுவதுபோலச் சத்தமிடும் ஸ்பீக்கரை வயலில் வைத்துவிட்டு, தெர்மல் ஸ்கோப் வழியாகப் பார்த்தபடி மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். எங்கள் கோட் ரிவ்யூக்களில் அவருக்கு இருக்கும் பொறுமை எங்கிருந்து வந்தது என்பது அதைக் கேட்டபோது புரிந்தது. வருடம் முழுக்கச் சுடலாமா என்று அவரிடம் கேட்டேன். சுடலாம், சட்டம் அனுமதிக்கிறது என்றார். ஜூனில் சுட்டிருக்கிறீர்களா? இல்லை. ஏன்? "வெயில் காலத்துல தோல் ஒண்ணுக்கும் ஆகாது" என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு, "அப்புறம், அப்போ வளையில குட்டிங்க இருக்கும்ல" என்றார்.

தோல் சமாச்சாரம் உண்மைதான். குளிர்காலத்தில்தான் கயோட்டியின் ரோமம் அடர்த்தியாக இருக்கும். இப்போது குளிர்காலத் தோலுக்கே மதிப்பு குறைந்துவிட்டது. விலை உயர்ந்த ஜாக்கெட்டுகளின் தொப்பி ஓரத்தில் கயோட்டி ரோமம் வைத்துத் தைத்துவந்த கனடா கூஸ் நிறுவனம், ரோமத்தைப் பயன்படுத்துவதை நிறுத்தப்போவதாக 2021ல் அறிவித்தது. ஆனால் அவர் சொன்ன இரண்டாவது காரணத்துக்குச் சந்தை விலை கிடையாது. கயோட்டிகள் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் இணைசேரும். சுமார் 63 நாள் சினை. ஏப்ரல், மே மாதங்களில் ஐந்தாறு குட்டிகள் கண் திறக்காமல் மண்ணுக்குள் பிறக்கும். ஆணும் இரை தேடிக் கொண்டுவரும். அந்த நேரத்தில் வயலோரம் தனியாகத் தெரியும் கயோட்டியைச் சுட்டால் செத்தது ஒன்றா ஏழா என்று சுட்டவருக்குத் தெரியாது. மீதி ஆறும் சாகப் பல நாள் ஆகலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை நான் கேட்டது தீபாவளிக்கு ஆட்டுக்கறி வாங்கும் பண்ணையில். எல்லைக்கு அந்தப் பக்கம், பென்சில்வேனியாவில் இருக்கிறது. நடத்துவது ஒரு பெண்மணி. செம்மறியும் வெள்ளாடும் வைத்திருக்கிறார், கூடவே வெள்ளைக் கரடி மாதிரி இரண்டு காவல் நாய்கள். அவருடைய ஆடுகள் குட்டி போடுவதும் வசந்த காலத்தில்தான். "நீங்க சொல்ற அதே ஏப்ரல்லதான் எனக்கும் குட்டி பிறக்குது. அதுக்குப் பசிச்சா எங்கிட்டதான் வரும்" என்றார்.

ஆய்வுகளும் அவர் பக்கம்தான். கலிஃபோர்னியாவின் ஹாப்லாண்ட் ஆய்வு நிலையத்தில் கவனித்தபோது, ஆடுகளைக் கொன்றவை பெரும்பாலும் தனக்கென்று எல்லை பிடித்துக் குட்டி போட்டு வளர்க்கும் ஜோடிகள்தான். 1983ல் டில், நோல்ட்டன் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமானது. வளையிலிருந்து குட்டிகளை மட்டும் அகற்றிவிட்டு, பெற்றோரை உயிரோடு விட்டபோதும் ஆடுகள் சாவது பெருமளவு குறைந்தது. ஊட்ட வாய் இல்லாதபோது பெரிய இரையைத் தேடும் அவசியம் அவற்றுக்கு இல்லை. அதாவது, வசந்த காலத்தில் கொல்வது வேலை செய்கிறது. எந்தக் காரணத்துக்காக அது நமக்குக் கொடூரமாகப் படுகிறதோ, அதே காரணத்தால் வேலை செய்கிறது. இதைத் தாண்டிக் குதித்துவிட்டுத் தடைக்காலத்தை ஆதரிப்பது சுலபம். ஆட்டுக்குட்டியும் குட்டிதான்.

ஆனால் அதே பெண்மணி இன்னொன்றும் சொன்னார். பண்ணைக்கு மேலே இருக்கும் மேட்டில் ஒரு ஜோடி சில வருடங்களாக இருக்கிறது. நாய்களுக்குப் பயந்து கீழே இறங்குவதில்லை. "அதுங்க என் ஆட்டைத் தொடாத வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். அதுங்களைச் சுட்டுட்டா அந்த இடத்துக்கு எது வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?" வேட்டைக்கு அனுமதி கேட்டு வருகிறவர்களை அந்த மேட்டுக்கு அவர் விடுவதில்லை. ஆட்டைத் தொட்டதை விடவும் மாட்டார்.

இங்கேதான் எனக்கு விஷயம் தெளிந்தது. அவருக்குத் தேவைப்படுவது, தன் ஆட்டைக் கொல்லும் குறிப்பிட்ட மிருகத்தை எந்த மாதமானாலும் தடுக்கும் உரிமை. வருடம் முழுக்கத் திறந்த சீசன் கொடுப்பது வேறொன்று: யார் வேண்டுமானாலும், எந்தத் தப்பும் செய்யாத எந்தக் கயோட்டியையும், எந்த மாதத்திலும் சுடும் உரிமை. முதலாவதைக் காரணம் காட்டி இரண்டாவதை வாங்கிக்கொள்கிறோம். தடைக்காலச் சட்டத்திலேயே பண்ணைக்காரருக்கு விதிவிலக்கு வைக்கலாம். ஆடு செத்த பிறகுதான் சுடலாம் என்றில்லாமல், ஆட்டை நோக்கி வரும்போதே சுடலாம் என்று அந்த விலக்கைத் தாராளமாகவே எழுதலாம். மேட்டில் இருக்கும் ஜோடிக்கு ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அமைதி கிடைக்கும். கீழே ஆட்டுக்குட்டிக்கும் காவல் இருக்கும்.

சீசன் என்பது வெறும் தேதி இல்லை. இந்த மிருகத்துக்கென்று ஒரு காலம் இருக்கிறது, அது குட்டி வளர்க்கும், அப்போது நமக்கு அங்கே வேலையில்லை என்று சட்டம் ஒப்புக்கொள்வது. மானுக்கு ஒப்புக்கொண்டதைக் கயோட்டிக்கு மறுத்தால் அது மிருகம் என்பதிலிருந்து களை என்பதற்கு இறங்கிவிடுகிறது. களையைப் பிடுங்க நாள் பார்க்க வேண்டியதில்லை. அப்படி இறக்கிய பிறகுதான் எதைக் கொன்றாய் என்பது போய் எத்தனை கொன்றாய் என்பது கேள்வியாகிறது. வார இறுதியில் அதிக எண்ணிக்கைக்கும் அதிக எடைக்கும் பரிசு கொடுக்கும் கொலைப் போட்டிகள் அப்படித்தான் நடக்கின்றன. கலிஃபோர்னியா 2014லும், வெர்மான்ட் 2018லும், மாசசூசெட்ஸ் 2019லும் அவற்றைத் தடை செய்தன. நியூயார்க்கின் தடை 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வெர்மான்ட்டில் போட்டி கூடாது, ஆனால் வருடம் முழுக்கச் சுடலாம். பாதி தூரம் வந்து நின்றுவிட்டார்கள்.

போன மாதம் மதியச் சாப்பாட்டின்போது டீம் நண்பரிடம் கேட்டேன். பென்சில்வேனியாவில் தடைக்காலச் சட்டம் கொண்டுவந்தால் ஆதரிப்பீர்களா? மாட்டேன் என்றார் உடனே. "நானே செய்யறதை ஹாரிஸ்பர்க்ல உக்காந்துட்டு இருக்கறவன் எனக்குச் சொல்ல வேணாம்." அவர் அப்பாவும் கோடையில் கயோட்டியைச் சுட்டதில்லையாம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவர்கள் வீட்டில் அப்படித்தான்.

சட்டம் உங்களுக்காக இல்லை, அப்படி ஒரு வீட்டில் வளராதவருக்காக என்றேன். அந்த மாதிரி ஆள் சட்டத்தைப் படிப்பானா என்று கேட்டார். லைசென்ஸோடு வரும் கையேட்டில் கயோட்டிக்கு நேரே ஒரு தேதி போட்டிருந்தால், ஏன் போட்டிருக்கிறது என்று ஒருவராவது கேட்பார் இல்லையா என்றேன். அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தவர், அவருடைய பேரனுக்கு இந்த வருடம் பன்னிரண்டு வயது, இலையுதிர்காலத்தில் முதல் லைசென்ஸ் எடுக்கப்போகிறான் என்று சொன்னார்.