உதைப்பு

விமானப் பொறியைப் பற்றித் தமிழாசிரியர்க்கு என்ன அலுவல் என வினவுவார் உளர். சொல் உள்ளவிடத்து எமக்கும் அலுவல் உண்டு.

‘திரஸ்ற்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ்நாட்டார் உந்துவிசை என்பர். இலங்கைப் பாடநூல்கள் உதைப்பு என வழங்கும். நீரில் அமிழ்ந்த பொருளை நீர் மேலே தள்ளுவதும் மேலுதைப்பே. வகுப்பில் இச்சொல்லைக் கேட்ட மாணவர் நகைத்தனர். கடற்றொழிலாளி மகனொருவன் மாத்திரம், “யார் யாரை உதைக்கிறது, சேர்?” என்றான்.

“தோணியிலிருந்து கரைக்குக் குதித்தால் தோணி என்ன செய்யும்?” என்றோம்.

“பின்னுக்குப் போகும், சேர்.”

பொருள் அவ்வளவே. தாரைப்பொறி வளியை உள்வாங்கி, எரிபொருளாற் சூடாக்கிப் பின்னே விரைந்தெறிகின்றது. எறியப்பட்ட வளி பொறியை முன்னே உதைக்கின்றது. நியூற்றன் 1687இல் வெளியிட்ட மூன்றாம் விதி இதுவே. உந்துவிசை என்புழி முன்செல்வது மாத்திரமே தோன்றும். உதைப்பு என்புழி இருபாலும் தோன்றும். எமக்கு உவப்பானது பின்னையதே.

இதனை வலுவென மயங்கற்க. தடையிட்டு நிற்கும் விமானத்திலும், பொறி இயங்கின், உதைப்பு உண்டு. அதன் அலகு நியூற்றன்; பரிவலு அன்று. தரையிறங்கியபின் வளியை முன்னோக்கித் திருப்பி ஓட்டத்தைத் தணிப்பதை எதிருதைப்பு என்னலாம்.

கல்முனைக்குத் தெற்கே, காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர் பிறந்த ஊருக்கு அயலிலேயே, “தமிழில் இதற்கெல்லாம் சொல் ஏது?” எனப் படித்தோர் கூறக் கேட்பதுதான் எமக்கு ஆற்றவொண்ணாதது.