ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரம்

ஜூன் 3, 2025

மறைமலை நகர் ஆடிட் இன்றோடு முடிந்தது. அடுத்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. அதற்கும் அடுத்தது சிறுசேரி என்று மேனேஜர் இப்போதே சொல்லிவிட்டார். என் ஆபீஸ் தி.நகரில் இருக்கிறது என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே எனக்கென்று இருப்பது பூட்டு சரியாக விழாத ஒரு டிராயர்தான். மற்றபடி கிளையன்ட் எங்கேயோ, அங்கே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது.

துரைப்பாக்கம் ஹாஸ்டலுக்கு நான் வந்தது முதல் வேலைக்காக. அந்தக் கம்பெனி ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்தது, நடந்தே போய்விடுவேன். வேலை மாறிவிட்டது. கட்டில் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜூன் 5

காலை ஏழு மணிக்கே கிளம்பினேன். 570 பிடித்து கோயம்பேடு, அங்கிருந்து அம்பத்தூர் எஸ்டேட் பஸ். ஓ.எம்.ஆர். நடுவில் மெட்ரோவுக்காகத் தடுப்புத் தகடு வைத்திருக்கிறார்கள். ஆறு வழிச் சாலை என்று பெயர் எடுத்தது, இப்போது எத்தனை வழி என்பது அந்தந்த இடத்தில் தூண் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பஸ் நகராதபோது பக்கத்து சீட் பெண் டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிட்டாள். கையைத் துடைத்து, டப்பாவை மூடி, வாட்ஸ்அப் பார்த்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தாள். வெளியே அதே பெயர்ப்பலகை.

போய்ச் சேரும்போது ஒன்பதரை தாண்டிவிட்டது. தொழிற்சாலையின் கணக்கு மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை, கடிகாரத்தை மட்டும் பார்த்தார். அது இன்னும் மோசம்.

ஜூன் 8

ஞாயிறு. பழவந்தாங்கலில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். மீட்டர் கேஜ் காலத்து ஆள். பாரிமுனையில் ஒரே கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். பழவந்தாங்கலில் ஏறினால் பீச் ஸ்டேஷன், அங்கிருந்து ஒரு நடை. வீடும் தண்டவாளத்தில், ஆபீஸும் தண்டவாளத்தில்.

பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். இன்றைக்கு நெரிசல் தாங்காத பல்லாவரமும் குரோம்பேட்டையும் அப்போது சென்னைக்கு வெளியே தனித்தனி ஊர்கள். ரயில் வந்தது, பிறகு ஸ்டேஷனை ஒட்டி வீடுகள் வந்தன. என் தலைமுறைக்கு இது தலைகீழாகிவிட்டது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு வேலை மொத்தமும் தெற்கே சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று போய்க்கொண்டே இருந்தது. பறக்கும் ரயிலோ திருவான்மியூர் வரை ஒழுங்காக வந்து, தரமணி, பெருங்குடி ஸ்டேஷன்களோடு வேளச்சேரிப் பக்கம் திரும்பிவிட்டது. கண்ணாடிக் கட்டடங்கள் ஒரு பக்கம், தண்டவாளம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் ஷேர் ஆட்டோவில்.

"ஏம்மா, இங்கயே படுத்துட்டு காலையில ட்ரெயின்ல போயேன்" என்றார் பெரியம்மா. தங்கிவிட்டேன்.

ஜூன் 9

பழவந்தாங்கலில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினேன். சுரங்கப்பாதையில் கடந்து, மூர் மார்க்கெட் வளாகத்தில் ஆவடி வண்டி, பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்கு ஆட்டோ. ரயில் செலவு பத்து ரூபாய்க்குள் முடிந்தது. கணக்கு மேலாளருக்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன்.

இது சுகமான பயணம் என்று சொல்ல மாட்டேன். லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் மாம்பலம் வரை கம்பியைப் பிடிக்கக்கூட இடம் இல்லை. அந்தக் கூட்டத்திலும் கண் தெரியாத ஒருவர் குச்சியால் தட்டித் தட்டி வழி எடுத்துக்கொண்டு, "ஆதார் கவர், ஏடிஎம் கவர், ரேஷன் கார்டு கவர், பத்து ரூபா" என்று வந்தார். நோட்டை நீட்டினால் விரலால் அளந்து பார்த்து மடிக்கிறார். சில்லறையும் தப்பவில்லை. நான் தினமும் சரிபார்க்கும் கேஷ் புக்குகளில் இந்தத் துல்லியம் இருந்தால் என் வேலை பாதி குறையும்.

ரயிலில் எனக்குப் பிடித்தது வேகம் இல்லை. எப்போது போய்ச் சேருவேன் என்று கிளம்பும்போதே தெரிகிறது. பஸ்ஸில் அது கடவுளுக்கும் கண்டக்டருக்கும்கூடத் தெரியாது.

இந்தத் தடத்தில் ஏப்ரலில் இருந்து ஏசி ரயிலும் ஓடுகிறது. குறைந்த கட்டணம் 35 ரூபாய், பீச்சிலிருந்து செங்கல்பட்டு வரை 105. சாதாரண வண்டியில் ஐந்து ரூபாய்க்குப் பழகிய கை அவ்வளவு சீக்கிரம் நீளாது. ஜூரம் வந்த அன்றைக்கு ஏறலாம்.

ஜூன் 11

அறைத்தோழியிடம் ரயில் பாதையை ஒட்டி வீடு மாறுவதைப் பற்றிப் பேசினேன். அவள் நாகர்கோவில்காரி, சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. "மெட்ரோ வந்துடும்டி, அப்புறம் இந்த ஏரியாவைத் தொட முடியாது" என்கிறாள். வரத்தான் போகிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை ஒரு தடம் உள்பட இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், போன அக்டோபரில் மத்திய அமைச்சரவையும் ஒப்புதல் கொடுத்தாயிற்று. ஆனால் ரயில் வருவதற்குள் வாடகை வந்துவிடுகிறது. வரப்போகும் ஸ்டேஷனைக் காட்டி இன்றைக்கே ஆயிரம் ஏற்றுகிறார்கள்.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டும் வேலை 2008இல் தொடங்கியது. ஐந்தே கிலோமீட்டர். ஆதம்பாக்கம் பக்கம் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் தூண்கள் அந்தரத்தில் நின்றன. இந்த 2025 ஜூன் வரை அதில் ஒரு பயணிகூட ஏறவில்லை. அந்த ரயிலை நம்பி அப்போது ஆதம்பாக்கத்தில் குடியேறிய ஒரு இளைஞனுக்கு இப்போது மகள் கல்லூரி போகும் வயதில் இருக்கலாம். ஓடாத ரயிலுக்கு நான் வாடகை தர மாட்டேன் என்றேன். அவள் யோசிப்பதாகச் சொன்னாள். அவளுக்கும் அடுத்த புராஜெக்ட் கிண்டியா, போரூரா என்று தெரியாது.

ஜூன் 15

குரோம்பேட்டையில் வெயிலோடு வீடு பார்த்தோம். இதற்கு முன் பார்த்த புரோக்கர் வீடுகளை எழுதிப் பயன் இல்லை. ஒன்றில் பாத்ரூம் மாடிப்படிக்கு அடியில். ஒன்றில் 'ஃபேமிலி மட்டும்'. இரண்டு பெண்கள் சேர்ந்தால் ஃபேமிலி ஆகாதாம். இன்னொன்றில் பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், அப்பா பெயர் கேட்டார்கள், கடைசியில் சுற்றி வளைக்காமல் "நீங்க என்ன ஆளுங்க?" என்றே கேட்டுவிட்டார்கள். தண்ணீர் குடித்த டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

நான்காவது வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், இரண்டாம் மாடி, ஒரு படுக்கையறை. ஹவுஸ் ஓனர் அம்மா வாசலிலேயே ஆரம்பித்தார்.

"எங்கம்மா வேலை?"

"ஒவ்வொரு மாசம் ஒவ்வொரு இடம் ஆன்ட்டி."

"அது என்ன வேலை?" என்று சந்தேகமாகப் பார்த்தார். ஆடிட்டர் ஆபீஸ் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு வீட்டு வரி ரசீதில் ஏதோ குழப்பமாம், பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். தாம்பரம் மாநகராட்சி 2021இல் வந்தபோது நகராட்சியிலிருந்து மாறிய ரசீது அது. பார்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகு அசைவம் சமைப்பீர்களா என்ற கேள்விகூட, "மீன் வறுத்தா ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்க" என்று தானாகவே இறங்கிவந்தது. நாகர்கோவில்காரி அந்த நிமிஷமே குரோம்பேட்டைக்கு மாறிவிட்டாள்.

என் பங்குக்கு நானும் கேட்டேன். ஈ.பி. மீட்டர் தனியா, சப் மீட்டரா? தனி மீட்டர் என்றால்தான் இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 யூனிட் இலவசம் நம் கணக்கில் வரும். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு ஓனர் வைத்ததுதான் விலை. தனி மீட்டர்தான் என்றார். தண்ணீர்? போர் உண்டு, குடிக்கக் கேன். துரைப்பாக்கத்தில் எங்கள் ஹாஸ்டல் முழுக்க லாரித் தண்ணீர். அந்தப் பகுதி சென்னை மாநகராட்சியோடு 2011இல் சேர்ந்தது, பல தெருக்களுக்குக் குழாய் இன்னும் வந்து சேரவில்லை.

கடைசிக் கேள்வியை ஓனரிடம் கேட்கக் கூடாது. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டேன்: "அண்ணா, 2015ல இங்க தண்ணி எவ்வளவு வந்துச்சு?" அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வண்டிச் சக்கரத்தின் நடுவில் விரலை வைத்துக் காட்டினார். 2023 மிக்ஜாம் புயலுக்கு? விரல் கொஞ்சம் கீழே இறங்கியது. இரண்டாம் மாடிக்கு அது போதும். கீழ் வீட்டுக்காரர்களை நினைத்தால்தான் பாவமாக இருந்தது.

வீட்டிலிருந்து ஸ்டேஷன் மேம்பாலப் படி வரை நடந்து பார்த்தோம். பத்து நிமிஷம். ராத்திரி ஒன்பது மணிக்கும் கடைகள் திறந்திருக்கும் தெரு. பெண்களுக்கு வீடு பார்ப்பவர்கள் சதுர அடிக்கு முன்னால் இதைத்தான் அளக்க வேண்டும்.

ஜூன் 19

சீனியர் ஒருவர் மதியச் சாப்பாட்டில் அறிவுரை சொன்னார்: "வாடகை வேஸ்ட், கூடுவாஞ்சேரில ஃபிளாட் புக் பண்ணிடு." அவர் வாங்கிய வீட்டுக்கு இருபது வருஷ ஈ.எம்.ஐ. வீட்டைப் பார்த்துதான் இனி வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெங்களூரில் நல்ல வேலை வந்தும் விட்டுவிட்டேன் என்றும் அவரே சொன்னார்.

எனக்கு வேலை மாறும், மேனேஜர் மாறுவார், கிளையன்ட் மாறுவார். குரோம்பேட்டையிலிருந்து மறைமலை நகர் ஒரே வண்டி. கிண்டியில் இறங்கினால் மெட்ரோ. எழும்பூரிலும் மெட்ரோ, பார்க்கில் இறங்கினால் ஆவடி, திருவள்ளூர் வண்டிகள். சிறுசேரி மட்டும் இதில் அடங்காது. தாம்பரம் போய் பஸ்தான். முகப்பில் பிங்க் அடித்த பஸ் வந்தால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அவசரத்துக்கு அது வராது, டீலக்ஸ்தான் வரும். ஒரு மாதம் சிறுசேரியைச் சகித்துக்கொள்வேன். அதற்காக வருஷம் முழுக்க ஓ.எம்.ஆரில் குடியிருக்க முடியாது.

ஜூன் 22

அட்வான்ஸ் பேச்சு. ஓனர் அம்மா பத்து மாதம் கேட்டார், சென்னை வழக்கம் அப்படி. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. இந்த 'வேறு மாதிரி ஒப்பந்தம்' என்ற ஓட்டைக்குள் சென்னையே குடியிருக்கிறது. சட்டத்தைச் சொன்னதற்கு அவர் சிரித்தார். அம்மா போனில் சொல்லிக்கொடுத்த வழிதான் பலித்தது: "ஆனி முடியறதுக்குள்ள வந்துடறோம். விட்டா ஆடி பொறந்துடும், யாரும் குடி வரமாட்டாங்க, ஆவணி வரைக்கும் வீடு சும்மாதான் கிடக்கும்." ஐந்து மாதத்துக்கு இறங்கினார்.

ஜூன் 28

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, பதினொரு மாதம். ஜூலை முதல் வாரம் குடிபோகிறோம். துரைப்பாக்கத்தில் எங்கள் அறையில் இரண்டு கட்டில் காலியாகிறது. பக்கத்திலேயே ஆபீஸ், அது இன்னும் இரண்டு வருஷமாவது அங்கேயேதான் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் வந்து பார்க்கலாம்.