ரொட்டியும் உரிமையும்

தெருவில் ஒரு துண்டு ரொட்டி விழுந்து கிடந்தால் துனீசிய நாட்டு மக்கள் அதனை மிதித்துச் செல்வதில்லை. குனிந்து எடுத்து, முத்தமிட்டு, கால்படாத உயரமான இடத்தில் வைத்துவிட்டுச் செல்வது அங்குள்ள பழைய வழக்கம். சிந்திய சோற்றை மிதிக்கத் தமிழர் அஞ்சுவதைப் போன்றதே இதுவும். ரொட்டியைக் குறிக்கும் ‘குப்சா’ என்னும் சொல் அவர்தம் பேச்சில் பிழைப்பையும் குறிக்கும். தமிழில் அதனை வயிற்றுப்பாடு என்கிறோம்.

வயிற்றுப்பாடொன்றே கருத்தாய் அரசியலை ஏறிட்டும் பாராதவனுக்கு அந்நாட்டார் ‘குப்சிஸ்ட்’ என்று பெயர் சூட்டியுள்ளனர். வயிறு வேறு, அரசியல் வேறு என்று எண்ணுவோர் எந்நாட்டிலும் உளர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்குத் துனீசியாவின் வரலாறே சான்று.

1983ஆம் ஆண்டின் இறுதியில் அரசு மானியத்தைக் குறைத்தது. ரொட்டியின் விலை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. தெற்கே மூண்ட கலகம் சில நாள்களில் தலைநகர் துனிசுவரை பரவிற்று. பலர் உயிரிழந்தனர். 1984 சனவரி 6ஆம் நாள் அதிபர் பூர்கிபா தொலைக்காட்சியில் தோன்றி விலையுயர்வைத் திரும்பப் பெற்றார். விலை இறங்கியது, ஆட்சிமுறை மாறவில்லை. 1987இல் ஆட்சியைக் கைப்பற்றிய பென் அலி, மானிய விலையில் ரொட்டியைத் தந்து மக்களின் வாயைப் பூட்டினார்.

அப்பூட்டு இருபத்து மூன்று ஆண்டுகள் நீடித்தது. 2010 திசம்பர் 17ஆம் நாள் சிதி பூசித் நகரில் தள்ளுவண்டியில் பழம் விற்ற முகம்மது புவாசிசி என்னும் இளைஞர், தம் பொருள் பறிக்கப்பட்ட வேதனையில் தீக்குளித்தார். நாடு கொதித்தெழுந்தது. ரொட்டியும் தண்ணீரும் இருந்தால் போதும், பென் அலி வேண்டா என்று மக்கள் முழங்கினர். அன்று விலையைக் குறைக்கக் கேட்டவர்கள், இன்று மானத்தைக் கேட்டனர். 2011 சனவரி 14ஆம் நாள் பென் அலி நாட்டைவிட்டு ஓடினார்.

2014இல் புதிய அரசியலமைப்பு பிறந்தது. நெருக்கடியான வேளையில் கட்சிகளைப் பேச்சுக்கு அமர்த்திய நான்கு அமைப்புகளுக்கு 2015இல் அமைதிக்கான நோபல் பரிசும் கிட்டியது. ஆயினும் வேலையின்மை தீரவில்லை, விலைவாசி ஏறிற்று. சோர்ந்த மக்களுள் பலர், 2021 சூலை 25ஆம் நாள் அதிபர் கைசு சையது நாடாளுமன்றத்தை முடக்கியபோது தெருவில் இறங்கி மகிழ்ந்தனர். 2022இல் அதிகாரமெல்லாம் அதிபரிடம் குவிந்தது. பொய்ச் செய்தி பரப்பினால் ஐந்தாண்டுச் சிறை என்னும் ஆணையும் அவ்வாண்டே வந்தது.

ரொட்டி பெருகியதா? 2023இல் ரொட்டிக் கடைகளின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. வரிசையில் நின்றவர் தம் குறையை எழுதுமுன் இருமுறை எண்ண வேண்டியதாயிற்று.

உரிமையை உலையிலிட்டுச் சமைக்க இயலாது என்று கூறுவது எளிது. ஆனால் உலை கொதிக்காத நாளில், ஏன் கொதிக்கவில்லை என்று கேட்கும் வாய் அவ்வுரிமை ஒன்றே.