படத்தில் இல்லாதவர்கள்

தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் நடந்த போயர் யுத்தம் ஓய்ந்த பிறகு அதில் சண்டையிட்ட வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் புத்தகம் போட்டார்கள். தாங்களே கையால் வரைந்த படங்களோடு வந்தவையும் உண்டு. டர்பன் கடைகளில் அவற்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். டுகேலா ஆறு இருக்கிறது, பீரங்கி இருக்கிறது, குதிரைகள் இருக்கின்றன. நான் பார்த்தவற்றில், காயம்பட்டோரைச் சுமந்த இந்தியர்களான எங்களில் ஒருவர் முகமும் இல்லை. மாட்டு வண்டி ஓட்டிய சூலுக்களின் முகமும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நேட்டாலில் பிறந்தவன். அப்பா மதராசில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். மிஷன் பள்ளிப் படிப்பு எனக்குக் குமாஸ்தா வேலை வாங்கித் தந்தது. 1899 அக்டோபர் 11-ஆம் தேதி யுத்தம் மூண்டது. அதற்கு முன்பிருந்தே ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நம்மவர்கள் கடையையும் வீட்டையும் அப்படியே போட்டுவிட்டு டர்பனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். காந்தி அவர்கள் காயம்பட்டோரைத் தூக்க ஒரு படை திரட்டினார். டாக்டர் பூத் எங்களுக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுத்தார். மொத்தம் சுமார் 1,100 பேர். என்னைப்போலச் சுதந்திரமாக இருந்தவர்கள் 300 பேர்தான். மற்றவர்கள் எஸ்டேட்டுகளிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள்.

டிசம்பர் 15-ல் கொலென்சோவில் ஆங்கிலேயர் படை தோற்றது. ஆங்கிலேயத் தளபதி ராபர்ட்ஸ் பிரபுவின் ஒரே மகன் அங்கே விழுந்தான். அவனையும் தூக்கியது எங்கள் படைதான்.

ஆனால் என் மனத்தை விட்டு அகலாதது ஸ்பியோன் கோப் மலைச் சண்டை. 1900 ஜனவரி 24. மலை உச்சி முழுக்கப் பாறை. சிப்பாய்கள் இருட்டில் ஏறி முழங்கால் ஆழத்துக்குக்கூட ஒழுங்காகக் குழி தோண்ட முடியாமல் படுத்துவிட்டார்கள். விடிந்து பனி விலகியதும் சுற்றியிருந்த மேடுகளிலிருந்து போயர்கள் சுட ஆரம்பித்தார்கள். குண்டு விழும் எல்லைக்குள் எங்களை அனுப்புவதில்லை என்பது முதலில் பேச்சு. அன்றைக்கு அந்தப் பேச்சு நிற்கவில்லை. உள்ளே வருவீர்களா என்று கேட்டார்கள், போனோம்.

வயிற்றிலும் தலையிலும் குண்டு பட்டவர்களை வண்டியில் ஏற்ற முடியாது, குலுக்கலிலேயே உயிர் போய்விடும். ஸ்பியர்மன் முகாமிலிருந்து ஃப்ரேர் வரை ஏறக்குறைய 25 மைல் தோளில்தான் சுமந்தோம். ஸ்ட்ரெச்சர் என்பது கித்தானும் இரண்டு கழியும், அவ்வளவுதான். முன்னால் இருப்பவர்கள் இடது காலை வைத்தால் பின்னால் இருப்பவர்கள் வலது காலை வைக்க வேண்டும். எல்லோரும் ஒரே காலில் நடந்தால் படுத்திருப்பவன் ஊஞ்சலாடுவான். என் குழுவில் வட ஆர்க்காட்டுக்காரர் ஒருவர் இருந்தார். காலில் செருப்பு கிடையாது. தோளில் கழி பதிந்த இடத்தில் தோல் உரிந்து சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆள் மாற்றலாம் அண்ணே என்றேன். "மாத்துறப்ப ஆடும் தம்பி. அந்தப் பையன் இப்பத்தான் கண்ணயர்ந்தான்" என்றார். அந்தப் பையன் லங்காஷயர்காரன், மீசைகூட அரும்பவில்லை. இவர் மொழி அவனுக்குத் தெரியாது, அவன் மொழி இவருக்குத் தெரியாது.

அந்த மலையில் குண்டு பட்ட ஜெனரல் உட்கேட்டையும் எங்கள் ஆட்கள்தான் சுமந்தார்கள். வழியில் உயிர் போய்விடக் கூடாதே என்று வெயிலிலும் புழுதியிலும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பிறகு அவர் இறந்துபோனார்.

தளபதி புல்லர் தம் அறிக்கையில் எங்கள் படையைப் பாராட்டினார். முன்னின்று நடத்தியவர்களுக்குப் பதக்கம் வந்தது, எனக்கும் வந்தது. அந்த ஆர்க்காட்டு அண்ணன் கரும்புக் காட்டுக்கே திரும்பினார். முதல் வருஷக் கூலி மாதம் பத்து ஷில்லிங் என்ற கணக்கில் வந்தவர்கள் அவரைப் போன்ற ஒப்பந்தக் கூலிகள். 1895-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு கைநாட்டு வைத்து வந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்தும் இந்த மண்ணில் இருக்க விரும்பினால் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டியிருந்தது. ஆறு மாதச் சம்பளம் அது! பையன் உயிரைத் தோளில் தாங்கியவர் என்பதற்காக ஒரு பென்னிகூடக் குறையவில்லை. 1913 வேலைநிறுத்தமும் அதில் சிந்திய ரத்தமும்தான் அடுத்த வருஷம் அந்த வரியை ஒழித்தன.

பதக்கம் வாங்கியவர்கள் பெயர் காகிதத்தில் இருக்கிறது. தூக்கியவர்கள் பெயர் இல்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் பெயரையும் ஊரையும் வந்த கப்பலையும் வேலை செய்த எஸ்டேட்டையும் இன்றே எழுதி வையுங்கள்.